கென்யாவுக்கு ஊழியத்துக்குப் போகிறவர்களுக்கு: ஒன்பது மாதத்துக்கு முன்பே தொடங்க வேண்டியவை

நான் ஸ்டாஃப் நர்ஸ். பாளையங்கோட்டைப் பக்கம் ஊர். ஒன்பது வருடம் இங்கே வார்டு பார்த்துவிட்டு, ஒரு வருட ஊழியத்துக்காக மேற்குக் கென்யாவில் ஒரு மிஷன் மருத்துவமனைக்குப் போனேன். போய் இறங்கி 37 நாள் யூனிஃபார்ம் போட முடியாமல் கெஸ்ட் ஹவுஸில் உட்கார்ந்திருந்தேன். "விசிட்டரா போயிடுங்க, மத்ததை அங்க போய் மாத்திக்கலாம்" என்று ஏற்பாடு செய்து கொடுத்தவர் சொன்னதை நம்பியதன் விளைவு. வார்டில் ஆள் இல்லை. வராண்டாவில் தாய்மார்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். எனக்கோ ஒரு ஊசி போடக்கூடச் சட்டப்படி உரிமை கிடையாது. அந்த 37 நாளும் ஜெபத்தில் அழுததுதான் மிச்சம்.

உங்களுக்கு அப்படி ஆகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். மூன்று மாதத்திலிருந்து இரண்டு வருடம் வரை மிஷன் மருத்துவமனைக்கோ பள்ளிக்கோ போகிறவர்களை மனதில் வைத்திருக்கிறேன். நான் அறிந்தது கென்யா. தான்சானியா, ஜாம்பியா போகிறவர்களுக்கு அனுமதிகளின் பெயர் மாறும். வேலைகளின் வரிசை பெரும்பாலும் இதுதான்.

1. முதலில் உங்கள் ஆயரிடம் போங்கள்

எங்கள் சேகர ஐயா, அதாவது போதகர், நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "அங்க போகணும்னு இருக்கா, இங்கிருந்து போயிடணும்னு இருக்காம்மா?" என்றார். அம்மா தவறி எட்டு மாதம் ஆகியிருந்தது. வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையவே பிடிக்காத நாட்கள் அவை. அன்றைக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார். அதுவரை சனிக்கிழமைதோறும் சபையின் நோயாளர் சந்திப்புக் குழுவோடு போய் வரவும் சொன்னார்.

அந்த மூன்று மாதம் எனக்கு வீணாகப் போகவில்லை. துக்கத்தைத் தூக்கிக்கொண்டு விமானம் ஏறினால் அதுவும் கூடவே வந்து இறங்கும். பத்துப் பதினைந்து வருடமாக வெளியே ஊழியம் செய்கிறவர்கள் எல்லோரும் சொல்வது இதைத்தான்: ஊரில் உள்ள மனக்குறை அங்கே இரண்டு மடங்காகும். உங்களை நன்றாக அறிந்த ஒருவர் இந்தக் கேள்வியை நேராகக் கேட்கட்டும். பதில் சொல்ல நாள் எடுத்துக்கொள்ளுங்கள். கணவனோ மனைவியோ இருந்தால் அவர் மனமார ஒப்புக்கொள்ளும்வரை ஒரு காகிதத்தையும் நகர்த்தாதீர்கள்.

சபையிலிருந்து வாங்க வேண்டியவை: அங்கத்தினர் சான்று, ஞானஸ்நானச் சான்றின் நகல், முத்திரையும் தேதியும் போட்ட ஆங்கிலப் பரிந்துரைக் கடிதம். கடிதத்தில் மூன்று அசல் வாங்கி வையுங்கள். கூடவே உங்கள் சாட்சியை, அதாவது விசுவாசத்துக்கு வந்த கதையை, ஒரு பக்கத்துக்குள் எழுதிக்கொள்ளுங்கள். கேட்காத இடமே இல்லை.

அரசு வேலையில் இருப்பவர்கள் கவனிக்க: துறையின் தடையில்லாச் சான்று மட்டும் போதாது. தங்குமிடம், சாப்பாடு, பயணச் செலவு எதையாவது வெளிநாட்டு அமைப்பு ஏற்றால் அது எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி 'வெளிநாட்டு விருந்தோம்பல்'. அதற்கு எஃப்.சி.-2 படிவத்தில் மத்திய உள்துறையின் முன் அனுமதி வாங்க வேண்டும். அரசுப் பள்ளி ஆசிரியர்களும் அரசு மருத்துவமனை நர்சுகளும் இதைத் தெரியாமல் மாட்டிக்கொள்கிறார்கள்.

2. அழைக்கிறவர் யார் என்று பாருங்கள்

அழைப்புக் கடிதம் அன்பாக இருந்தால் மட்டும் போதாது. உங்கள் பணி என்ன, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எங்கே தங்குவீர்கள், வாடகை யாருடையது, யாருக்குக் கீழே வேலை, வேலை அனுமதிக்கு யார் விண்ணப்பிப்பார்கள் என்ற ஆறும் அதில் எழுத்தில் இருக்க வேண்டும். ஆறாவதுதான் எனக்கு இல்லாமல் போனது.

கென்யாவில் அந்த அமைப்பு பதிவானதா என்று பதிவுச் சான்றின் நகல் கேளுங்கள். 2023-ல் ஷாகஹோலா காட்டில் ஒரு போதகரை நம்பிப் பட்டினி கிடந்து நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்ததை அந்த நாடு மறக்கவில்லை. பதிவு கேட்பதை நல்ல அமைப்பு எதுவும் அவமானமாக எடுத்துக்கொள்ளாது. "விசுவாசத்தில் வாருங்கள்" என்று சொல்லிக் காகிதம் தர மறுத்தால் விலகிவிடுங்கள். பணத்தைத் தனிநபர் கணக்குக்கு அனுப்பச் சொன்னாலும் அப்படியே.

ஏற்கெனவே அங்கே போய் வந்த இரண்டு பேரிடமாவது பேசுங்கள். "என்ன பிடித்தது?" என்று கேட்பதைவிட "என்ன கஷ்டம்?" என்று கேளுங்கள், உருப்படியான தகவல் வரும்.

3. பாஸ்போர்ட்: இனிஷியல் படுத்தும் பாடு

36 பக்கப் பாஸ்போர்ட் 1,500 ரூபாய். தட்கல் என்றால் மேலே 2,000. நம் பக்கத்துக்குத் திருநெல்வேலி சேவா கேந்திரமே போதும். திரும்பி வரும் தேதிக்குப் பிறகும் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். இரண்டு பக்கமாவது காலியாக இருக்கட்டும்.

உண்மையான சிக்கல் பெயரில்தான். பள்ளிச் சான்றில் முன்னால் ஒரு இனிஷியல், நர்சிங் கவுன்சில் பதிவில் பின்னால், ஞானஸ்நானப் பதிவேட்டில் வேறொரு பெயரே இருக்கும். வெளிநாட்டுப் படிவங்கள் எல்லாம் குடும்பப் பெயர் கேட்கும். நமக்கு அப்படி ஒன்று கிடையாது. பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டம் காலியாக இருந்தால் டிக்கெட்டில் ஒரு மாதிரி, அனுமதிக் கடிதத்தில் இன்னொரு மாதிரி பெயர் வந்து நிற்கும். இனிஷியலை விரித்து, அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டுப் பாஸ்போர்ட்டை முதலில் சரி செய்யுங்கள். அதன்பின் மற்ற எல்லா விண்ணப்பத்திலும் எழுத்து மாறாமல் அதையே எழுதுங்கள். பழைய சான்றுகளுக்கு, இரண்டு பெயரும் ஒருவரே என்று நோட்டரி முன் ஒரு அஃபிடவிட் எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது நான்கு இடத்தில் உதவியது.

காவல்துறை நற்சான்றையும் இதே பாஸ்போர்ட் தளத்தில் விண்ணப்பிக்கலாம், 500 ரூபாய். முதல் வேலையாக இதை எடுத்துவிடாதீர்கள். ஆறு மாதத்துக்கு மேல் பழையதைப் பல இடங்களில் ஏற்பதில்லை. புறப்படுவதற்கு நாலைந்து மாதம் முன்பு எடுத்தால் சரியாக இருக்கும்.

4. சான்றிதழ்களும் தொழில் உரிமமும்

நல்ல மனதோடு போகிறோம் என்பதற்காக எந்த நாடும் உங்களை நோயாளியைத் தொட விடாது, விடவும் கூடாது. நர்சுகளுக்கு கென்யா நர்சிங் கவுன்சிலின் தற்காலிக உரிமம் வேண்டும். டாக்டர்களுக்கு அங்கே தனிக் கவுன்சில் இருக்கிறது. இதற்குத் தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் உங்கள் பதிவு புதுப்பித்த நிலையில் இருக்க வேண்டும். நன்னடத்தைச் சான்று இங்கிருந்து போக வேண்டும். பட்டயம், மதிப்பெண் பட்டியல், அனுபவச் சான்று எல்லாம் சான்றொப்பத்தோடு கேட்பார்கள்.

சான்றொப்பம் முதலில் மாநில அரசில், பிறகு வெளியுறவு அமைச்சகத்தில். அதற்கு மேல் டெல்லியில் உள்ள கென்யத் தூதரகத்தின் முத்திரையும் வேண்டுமா என்பதை உங்களை அழைக்கும் மருத்துவமனையிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். "அப்போஸ்டில் (பல நாடுகள் ஏற்கும் சான்றொப்ப முத்திரை) போதும்" என்று ஏஜென்ட் சொல்வதை வைத்து முடிவெடுக்காதீர்கள். என் சான்றுகள் ஒரு தடவை போய்த் திரும்பி, மறுபடியும் போயின. இரண்டு மாதமும், கூரியர், பயணம், ஏஜென்ட் கூலி எல்லாம் சேர்த்து 14,000 ரூபாயும் ஆனது.

5. எந்த அனுமதியில் போகிறீர்கள்?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

2024 ஜனவரி முதல் கென்யாவில் விசாவுக்குப் பதிலாக இ-டிஏ என்ற மின்னணுப் பயண அனுமதி. 30 டாலர் கட்டணம். அரசுத் தளத்தைப் போலவே தோற்றம் காட்டும் தரகர் தளங்கள் இரண்டு மூன்று மடங்கு வாங்குகின்றன, கவனம். இந்த அனுமதியில் 90 நாள் வரை தங்கலாம், ஊர் பார்க்கலாம், கூட்டங்களில் கலந்துகொள்ளலாம். வேலை செய்ய முடியாது. சம்பளம் இல்லாத ஊழியமும் குடிவரவுத் துறைக்கு வேலைதான்.

குறுகிய காலப் பணிக்கு 'ஸ்பெஷல் பாஸ்'. நீண்ட காலத்துக்கு 'கிளாஸ் ஐ' பெர்மிட். சமய, அறப் பணிகளுக்கு என்றே உள்ள வகை அது. இரண்டுக்கும் விண்ணப்பிக்க வேண்டியது அழைக்கும் அமைப்பு, அதுவும் நீங்கள் ஊரில் இருக்கும்போதே. பெர்மிட்டுக்கு மாதக்கணக்கில் ஆகும். ஒப்புதல் கடிதத்தின் நகல் மின்னஞ்சலில் வந்த பிறகுதான் டிக்கெட் எடுங்கள். 90 நாளுக்கு மேல் தங்குகிறவர்கள் அங்கே வெளிநாட்டவர் பதிவும் செய்து அட்டை வாங்க வேண்டும்.

நைரோபி விமான நிலையத்தில் அதிகாரி "எதற்கு வந்தீர்கள்?" என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். "சுற்றுலா என்று சொல்லிவிடுங்கள்" என்று யார் சொல்லிக்கொடுத்தாலும் கேட்காதீர்கள். சத்தியத்துக்குச் சாட்சியாகப் போகிறவர்கள் கவுண்டரில் பொய்யோடு தொடங்கக் கூடாது. நான் வாயைத் திறந்து பொய் சொல்லவில்லை, ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் நின்றேன். அது பல நாள் என்னை உறுத்தியது. பிறகு மருத்துவமனை நிர்வாகியிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் அன்றே ஸ்பெஷல் பாஸுக்கு ஆள் அனுப்பினார்.

6. மஞ்சள் காய்ச்சல் ஊசி, மலேரியா மாத்திரை

இந்தியாவிலிருந்து நேராக வருகிறவர்களிடம் கென்யா மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சான்று கேட்பதில்லை என்பதைப் படித்துவிட்டுப் பலர் விட்டுவிடுகிறார்கள். கேட்பது நம் நாடு, நீங்கள் திரும்பி வரும்போது. அந்த ஊசிச் சான்றான மஞ்சள் அட்டை இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைப்பார்கள்.

சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் 300 ரூபாய்க்குப் போட்டுக்கொண்டேன். எல்லா நாளும் போடுவதில்லை, முன்பதிவு செய்யுங்கள். அசல் பாஸ்போர்ட்டோடு போங்கள். போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் அட்டை செல்லும். அதன்பின் ஆயுள் முழுக்கச் செல்லும். முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், அறுபது வயதைத் தாண்டியவர்கள் முதலில் டாக்டரிடம் பேச வேண்டும். அட்டையை வாங்கியதும் அங்கேயே நின்று பாஸ்போர்ட் எண்ணை ஒவ்வொரு இலக்கமாகச் சரிபாருங்கள். என் அட்டையில் ஒரு 7, 1 ஆகியிருந்தது. ரயில் ஏறிய பிறகு பார்த்திருந்தால் மறுபடியும் சென்னைப் பயணம்.

நைரோபி உயரமான ஊர், மலேரியா குறைவு. விக்டோரியா ஏரிப் பக்கம் அப்படி இல்லை. தடுப்பு மாத்திரை எது என்று டாக்டர் முடிவு செய்யட்டும். டாக்ஸிசைக்ளின் என்றால் தினமும் ஒன்று, ஊர் திரும்பிய பிறகும் நான்கு வாரம். அவசரத்துக்கு நைரோபியிலிருந்து ஆம்ரெஃப் பறக்கும் மருத்துவர்களின் விமான ஆம்புலன்ஸ் திட்டம் இருக்கிறது. உங்கள் காப்பீட்டில் அப்படி இடம் மாற்றும் வசதி இல்லையென்றால் அதில் சேர்ந்துகொள்ளுங்கள்.

7. பணம்

எனக்கு ஆனதைச் சொல்கிறேன். போக வர டிக்கெட் 62,000 ரூபாய். காப்பீடு 18,000. உரிமம், பாஸ், சான்றொப்பம் எல்லாம் சேர்த்து 60,000-ஐ நெருங்கியது. அங்கே அறை, சாப்பாடு, பயணம், போன் எல்லாம் மாதம் 25,000 ஷில்லிங்குக்குள் அடங்கியது. நான் இருந்தபோது ஒரு ஷில்லிங் நம் காசில் 65 முதல் 70 பைசா. அவசரத்துக்கு 60,000 தொடாமல் வைத்திருந்தேன். மொத்தம் நாலு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு.

முப்பது குடும்பங்கள் மாதம் ஐந்நூறு, ஆயிரம் என்று தந்தார்கள்; மீதி என் சேமிப்பு. சபைகளில் நின்று கேட்க முதலில் கூச்சமாக இருந்தது. வாழைக்காய் விற்கும் ஒரு அக்கா மாதாமாதம் 200 ரூபாயைத் துணிப்பையில் முடிந்து ஐயாவிடம் கொடுப்பார்கள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து ஒவ்வொரு ஷில்லிங்கையும் நோட்டில் எழுதத் தொடங்கினேன். நீங்களும் எழுதுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கை எல்லோருக்கும் அனுப்புங்கள்.

காணிக்கை சபைக் கணக்கு வழியாக ரசீதோடு வரட்டும். வெளிநாட்டு அமைப்பிடம் உங்கள் இந்தியக் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொல்லாதீர்கள், எஃப்.சி.ஆர்.ஏ. சிக்கல் வரும். கையில் ரொக்கமாக 3,000 டாலர் வரை கொண்டுபோகலாம், அவ்வளவு தேவைப்படாது. புதிய நோட்டாகக் கேட்டு வாங்குங்கள். அங்கே போனதும் பாஸ்போர்ட்டைக் காட்டி ஒரு சிம் வாங்கி எம்-பெசா தொடங்கிவிட்டால், தக்காளி வாங்குவதிலிருந்து மடாட்டு வேனில் போவது வரை போனிலேயே கொடுக்கலாம்.

8. பெட்டி

பிளாஸ்டிக் பை வேண்டாம். 2017 ஆகஸ்டிலிருந்து கென்யாவில் பிளாஸ்டிக் கைப்பைகளுக்குத் தடை. பருப்புப் பொடியையும் ஊறுகாயையும் டப்பாவில் அடைத்துத் துணிப்பையில் கொண்டுபோங்கள். அங்கே பிளக் மூன்று செவ்வக முள் கொண்ட ஜி டைப், நம்முடையது பொருந்தாது. இரண்டு அடாப்டர் போதும். மேட்டு நிலத்தில் இரவு குளிரும், ஒரு ஸ்வெட்டர். மார்ச் முதல் மே வரை பெருமழை, அந்த மாதங்களில் போய் இறங்காமல் இருந்தால் நல்லது.

9. முதல் மூன்று மாதம்

கென்யாவில் 2019 கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு 85 பேர் கிறிஸ்தவர்கள். போகும்முன் இதை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். காலை டியூட்டி தொடங்கும்முன் வார்டில் பாட்டும் ஜெபமும் நடக்கும். எதிரே வருகிறவர் "ப்வானா அசிஃபிவே" என்பார். கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்பதுதான். கொடுக்கப் போகிறோம் என்று போன நான் பெரும்பாலும் வாங்கிக்கொண்டுதான் இருந்தேன்.

ஒரு இரவு, பிறந்து இரண்டு நாளான குழந்தை இறந்துவிட்டது. நான் நம் ஊர்ப் பழக்கத்தில் நேரத்தைக் குறித்தேன், பதிவேட்டை எடுத்தேன், டாக்டருக்குச் சொன்னேன், எல்லாம் பத்து நிமிடத்தில். என்னோடு டியூட்டியில் இருந்த மூத்த நர்ஸ் ஒரு ஸ்டூலை இழுத்து அந்தத் தாயின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். "போலே சானா" என்றார். ரொம்ப வருந்துகிறேன் என்று பொருள். பிறகு ஒன்றும் பேசவில்லை. தாயின் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, விடியும் நேரம் வரை, இடையில் வேறு கட்டில்களைப் பார்த்துவிட்டு வந்து வந்து, அதே ஸ்டூலில் உட்கார்ந்தார். காலையில் எனக்கு டீ ஊற்றிக் கொடுத்துவிட்டு, "உன் அம்மாவைப் பற்றிச் சொல்லேன்" என்றார். அம்மா இறந்து ஒன்றரை வருடம் கழித்து அன்றைக்குத்தான் நான் வாய்விட்டு அழுதேன்.

அதனால் முதல் மூன்று மாதத்துக்கு என் ஆலோசனை இவ்வளவுதான். எதையும் மாற்றச் சொல்லாதீர்கள். "எங்கள் ஊரில் இப்படிச் செய்வோம்" என்ற வாக்கியத்தை வாயில் எடுக்காதீர்கள். தினமும் பத்து ஸ்வாஹிலி வார்த்தை படியுங்கள். மணி சொல்லும் முறையை முதல் வாரமே கற்றுக்கொள்ளுங்கள்: அங்கே காலை ஏழுதான் 'முதல் மணி', எட்டு 'இரண்டாம் மணி'. நோயாளி "சா ம்பிலி"க்கு (இரண்டாம் மணிக்கு) மாத்திரை சாப்பிட்டேன் என்றால் எட்டு மணி. நான் இரண்டு மணி என்று குறித்துவிட்டேன். மேலே இருந்தவர் பார்த்ததால் அடுத்த டோஸ் தப்பவில்லை.

ஞாயிறு ஆராதனைக்கு உள்ளூர்ச் சபைக்கே போங்கள், மூன்று மணி நேரம் ஆனாலும். இந்தியர் கூட்டத்தைத் தேடி நகரத்துக்கு ஓடுவதை மாதத்துக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் ஒரு நாள் கட்டாய ஓய்வு. ஆள் குறைவு என்று அதையும் கொடுத்துவிட்டால் நாலாம் மாதம் முழுதாக ஓய்ந்து போவீர்கள். சீஷர்களைச் சற்றே இளைப்பாற அழைத்த மாற்கு 6:31-ஐ என் அறைக் கதவில் எழுதி ஒட்டியிருந்தேன். இரவு படுக்கும்முன் அன்றைக்குக் கோபம் வந்த இடத்தை ஒரு வரி எழுதுவேன். நாலைந்து மாதம் கழித்துத் திருப்பிப் பார்த்தபோது ஒரே காரணம் திரும்பத் திரும்ப வந்திருந்தது: யாரும் என்னைப் பாராட்டாத நாட்கள். அதை வைத்து ஜெபிக்க அதற்குப் பிறகுதான் தெரிந்தது.

ஊரில் இரண்டு பேரை வாராந்தர ஜெபப் பங்காளிகளாக வைத்துக்கொள்ளுங்கள். நம் நேரம் அங்கே உள்ளதைவிட இரண்டரை மணி முன்னால், அதற்கேற்ப ஒரு நேரம் குறித்துவிடுங்கள். நல்ல செய்தி மட்டும் அல்ல, எல்லாவற்றையும் சொல்ல முடிகிற ஆட்களாக இருக்க வேண்டும்.

நோயாளிகளைப் படம் எடுக்காதீர்கள். கென்யாவில் 2019-லிருந்து தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையின் முகத்தைக் காணிக்கைக் கடிதத்தில் போடுவது தகாது.

10. திரும்பும்போது

புறப்படும்முன் பெர்மிட்டை ஒப்படைக்கும் முறையை மருத்துவமனை அலுவலகத்தில் கேளுங்கள். அனுபவச் சான்றையும் நர்சிங் மேலாளரின் கையெழுத்தையும் கையோடு வாங்கிவிடுங்கள், பிறகு மின்னஞ்சலில் வாங்குவது லேசில் நடக்காது. மஞ்சள் அட்டை கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் அல்ல.

வந்து இறங்கிய முதல் இரண்டு வாரம் எந்தச் சபையிலும் பேச ஒப்புக்கொள்ளாதீர்கள். ஐயாவிடம் அரை நாள் கேட்டு வாங்கி, நடந்ததை எல்லாம் அவரிடம் முதலில் சொல்லுங்கள். எனக்குத் தூக்கம் சரியாக மூன்று வாரம் ஆனது. கடையில் நிறைந்திருக்கும் பொருட்களைப் பார்த்தாலே அழுகை வந்தது. அப்படி வரும், பயப்படாதீர்கள்.

மலேரியா மாத்திரையை, டாக்ஸிசைக்ளின் என்றால் நான்கு வாரமும், முடியுங்கள். பல மாதம் கழித்துக் காய்ச்சல் வந்தாலும் டாக்டரிடம் "ஆப்பிரிக்காவிலிருந்து வந்தேன், மலேரியாவுக்கு ரத்தம் பாருங்கள்" என்று நீங்களாகச் சொல்லுங்கள். அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.